டயர் பட்டறைச் சுவரில் ஒரு கொடி

1

இந்தக் கதை எனக்கு முழுசாகக் கிடைக்கவில்லை, பாதிதான் கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து என் சட்டையைப் பிடிக்கக் கூடாது.

கிடைத்த இடம் கண் ஆஸ்பத்திரி. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, "மூடிக்கிட்டு உக்காருங்க" என்று நர்ஸ் என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். மூடிக்கொண்டே எவ்வளவு நேரம்தான் இருப்பது? அடிக்கடி திறந்து பார்த்தேன். திறக்கும்போதெல்லாம் உலகம் இன்னும் கொஞ்சம் சோப்புத் தண்ணீருக்குள் போயிருந்தது. அந்தச் சமயத்தில் யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். பெண் குரல்.

"ஐயா, இது என்ன கொடின்னு உங்களுக்குத் தெரியுதா?"

என் கையில் இரண்டு குச்சிகளை வைத்தாள். இலையோடு இருந்தன.

"தெரியலைம்மா."

"அப்பாடா! நான் கேட்டவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் தெரியலைன்னு சொல்லியிருக்கீங்க."

தெரியவில்லைதான். அப்போது எனக்கு என் மூக்கு நுனியே தெரியவில்லை. அந்த நேர்மை சொட்டு மருந்தால் வந்தது. அவளிடம் இதைச் சொல்லவில்லை.

விரலால் தடவிப் பார்த்தேன். ஒரு குச்சியில் இலை சின்னது, விரலை விரித்த மாதிரி மூலை மூலையாக இருந்தது. அதன் தண்டு ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி சொரசொர. இன்னொரு குச்சியில் இலை பெரியது, ஓரமெல்லாம் ஒரே வழவழப்பு. அதன் தண்டில் பிரஷ் இல்லை.

அவள் நோயாளி இல்லை. பக்கத்து அறைக் கதவுக்குக் கண்ணாடி மாற்ற வந்தவள். உள்ளே கூட்டம் குறையும்வரை காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் கதையைச் சொன்னாள். நடுவில் நர்ஸ் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டாள். நான் வெளியே வரும்போது கதவில் புதுக் கண்ணாடி இருந்தது. அவள் இல்லை.

2

முதல் வரி எழுதிப் பார்த்தேன்.

"பச்சைப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியது அந்தப் பழைய பட்டறை, அதன் கனவில்—"

பட்டறை தூங்காது. பூட்டியிருக்கும், அவ்வளவுதான். அதற்குக் கனவு வேறா?

"வாழ்க்கை என்பதும் ஒரு கொடிதானே—"

இதை எழுதிய கையை உடைக்க வேண்டும். ஆனால் மீதிக் கதையை அதே கைதான் எழுதியாக வேண்டும். போகட்டும் என்று விட்டேன்.

"அவளுக்கு ஒரு சுவர் தேவைப்பட்டது."

இது பரவாயில்லை. இதில் பொய் இல்லை.

3

அவளுக்கு ஒரு சுவர் தேவைப்பட்டது.

ஜன்னல் கண்ணாடி வெட்டிப் பொருத்துவது அவள் தொழில். தெருவில் கண்ணாடியம்மா என்பார்கள். கண்ணாடிப் பலகைகளைப் படுக்கப்போட்டு அடுக்க முடியாது, தன் எடையிலேயே விரிசல் விட்டுவிடும். நிற்க வைத்து, லேசாக ஒரு சுவரில் சாய்த்து வைக்க வேண்டும். சாய்கிற சுவர் ஒரு நூல் அசைந்தாலும் அடுக்கு மொத்தமும் போச்சு. அவள் வாடகைக்கு இருந்த கடையைச் சாலை அகலப்படுத்த இடிக்கப்போகிறார்கள். மழைக்காலம் முடிவதற்குள் காலி செய்தாக வேண்டும். கேட்ட இடத்திலெல்லாம் தடுப்புப் பலகை வைத்த அறைகளைக் காட்டினார்கள். அதில் சாய்ந்தால் ஆளே அடுத்த கடையில் போய் விழ வேண்டியதுதான்.

மிச்சம் இருந்தது ஒரே இடம், மாமனாரின் டயர் பட்டறை. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டிக்கொடுத்த இடம் அது. அவர் போனதும் பூட்டினார்கள். பூட்டிய பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கொடி மட்டும் பார்த்தது. தரையில் தொடங்கி, சுவர், ஜன்னல், பெயர்ப்பலகை, கூரை என்று எதையும் விடவில்லை. கதவு எந்தப் பக்கம் என்பதையே கையால் துழாவித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

பட்டறை இரண்டு மகன்களுக்குச் சொந்தம். மூத்தவன் அவள் புருஷன். சரக்குக் கப்பலில் சமையல்காரன். அவன் நடுக்கடலிலிருந்து போனில் சொல்லிவிட்டான்:

"நீயும் அவனும் கலந்து பேசி ஒரே பதிலாச் சொல்லுங்க. என்னவா இருந்தாலும் நான் சரிங்கறேன். ரெண்டு பதில் சொன்னீங்கன்னா நான் கப்பலை விட்டு இறங்கவே மாட்டேன்."

இளையவன் லிஃப்ட் மெக்கானிக். அந்த இடத்தை விற்க அவன் ஏற்கெனவே ஆள் பார்த்து வைத்திருந்தான். வாங்குகிறவர்களுக்குக் கட்டடம் வேண்டாம், மண் போதும். அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் நடந்த பேச்சில் கடைசியாக ஒரு ஒப்பந்தம் வந்தது. சுவர் நன்றாக இருந்தால் பட்டறை அவள் கடைக்கு. சுவர் கெட்டிருந்தால் இடித்து விற்றுவிடுவது.

பார்த்தால் தெரிந்துவிடப்போகிறது, இதில் என்ன கதை என்பீர்கள். பார்க்கத்தான் முடியவில்லை. சுவர் முழுவதும் இலை.

"தள்ளிக்கங்க அண்ணி, ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துடறேன்."

"மெதுவா தம்பி."

"லிஃப்ட் கயித்தோடயே மல்லுக்கட்டறவன் நான். இது என்ன பெரிய—"

கொடி வந்தது. கூடவே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பூச்சும் வந்தது. இழுத்தவன் பின்னால் போய்ப் பழைய டயர் ஒன்றில் உட்கார்ந்துவிட்டான். மடியில் பூச்சு, தலையில் இலை.

"பாத்தீங்களா? சுவரே கையோட வருது. நான் அப்பவே சொன்னேன்ல?"

"நீ இழுத்த இழுப்புக்கு உன் பேண்ட்டே கழண்டு வந்திருக்கும். பூச்சு வராதா?"

இதற்கு மேல் இழுக்க இருவருக்குமே பயம். கெட்டுப்போன சுவராக இருந்து, கொடிதான் அதைக் கட்டிப்பிடித்து நிறுத்தியிருந்தால்? இழுத்தவர் தலையில்தான் விழும். இழுக்காமலும் பார்க்க முடியாது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. சில கொடி மேலோடு ஒட்டிக்கொண்டு போகும். சில கொடி செங்கல்லுக்கு நடுவில் வேரை விட்டு நெம்பும். இது எந்தக் கொடி என்று தெரிந்தால், பின்னால் சுவர் எப்படி இருக்கிறது என்று இழுக்காமலே தெரிந்துவிடும்.

அதனால்தான் குச்சியும் கையுமாக ஊரெல்லாம் பெயர் கேட்டுக்கொண்டு அலைந்தாள்.

4

பெயருக்குப் பஞ்சமில்லை. நாற்றுக்கடைக்காரர் ஒரு பெயர் சொன்னார், சொல்லிவிட்டு அதிலேயே ஒரு தொட்டி வாங்கிக்கொள்ளச் சொன்னார். மருந்துக் கடைக்காரர் வேறொரு பெயர் சொல்லி, அரைத்துப் போட்டால் மூட்டுவலி போகும் என்றார். பால் ஊற்றுகிறவர் இலையைப் பார்க்காமலே தலையை ஆட்டினார்: "அதுதான், அதுவேதான்."

(எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. தெரியாது என்று சொல்ல மனிதனுக்கு வாய் வராது. கண்ணில் மருந்து விட்டால்தான் வரும்.)

கடைசியில் கொழுந்தன் செல்போனை எடுத்தான். படம் பிடித்தால் செடியின் பெயர் சொல்லுகிற ஏற்பாடு ஒன்று அதில் இருக்கிறதாம். சின்ன இலையைக் காட்டினார்கள். ஒரு பெயர் வந்தது. மேலோடு படரும், நல்ல சுவருக்குக் கெடுதல் இல்லை என்று வந்தது. கூரை ஓரத்திலிருந்து பறித்த பெரிய இலையைக் காட்டினார்கள். வேறு பெயர் வந்தது. கட்டடத்தைப் பிளக்கும், உடனே அகற்றவும் என்று வந்தது.

"ஆக ரெண்டு கொடி இருக்கு," என்றான்.

"சுவர் பூரா என் இலைதான். உன் இலை உச்சியில கொஞ்சம்தான் இருக்கு."

"எது உங்க இலை?"

"சின்னது."

"உச்சிக்கு அது எப்படிப் போச்சு? பறந்தா போச்சு? சுவருக்குள்ள பூந்துதான் போயிருக்கணும். என் இலைதான் அண்ணி உள்ள இருக்கு. உங்க இலை வெளிய வேஷம் கட்டிட்டு நிக்குது."

அன்றிலிருந்து ஆளுக்கொரு இலை. அவள் இரண்டையும் கருவிப் பையில் வைத்துக்கொண்டு, தன் இலைக்குச் சாட்சி தேடிப் போகிற இடமெல்லாம் கேட்டாள். அவன் தன் இலையை லிஃப்ட் பழுது பார்க்கப் போகிற வீடுகளில் காட்டினான். சாப்பாட்டு மேசையில் இரண்டும் எதிரெதிராகக் கிடந்தன. கப்பல்காரனுக்கு இரண்டு பதில் போய்க்கொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் நர்ஸ் வந்து என் பெயரைக் கூப்பிட்டாள்.

5

இனி நான் சொந்தமாகக் கட்டியது.

ஒரு கிழத் தோட்டக்காரரைக் கொண்டுவந்தேன். வெள்ளைத் தாடி கொடுத்தேன். அவர் இலையை முகர்ந்து பார்த்து, கண்ணை மூடி, மெதுவாகப் பெயர் சொல்லுவார். எல்லாரும் வாயடைத்து நிற்பார்கள். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். எனக்கே அந்த ஆளைப் பிடிக்கவில்லை. அப்படி ஒரு கிழவரை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நானும் கிழவன்தான். என்னிடம் வந்து கேட்டவள் ஒருத்தி, அவளுக்கும் தெரியலை என்றுதானே சொன்னேன். தாடியோடு அவரைத் தூக்கி வெளியே போட்டேன்.

ஆனாலும் ஒரு முடிவு வேண்டுமே.

(அ) சின்ன இலைதான் ஜெயிக்கிறது. கொடியை எடுத்தால் பின்னால் சுவர் புதுசு போலப் பளபளக்கிறது. அவள் கண்ணாடிகளை அடுக்குகிறாள். கொழுந்தன் மன்னிப்புக் கேட்கிறான்.

நம்புவீர்களா? நான் நம்பவில்லை. அவன் மன்னிப்புக் கேட்கிற ஆளாகத் தெரியவில்லை.

(ஆ) பெரிய இலை ஜெயிக்கிறது. பெரிய மழை. சுவர் சரிகிறது. அப்போது சுவரடியில் நின்றது—

இங்கே யாரை நிறுத்துவது என்று யோசித்தேன். அப்படி யோசித்தபோதுதான் எனக்கு என்மேலேயே சந்தேகம் வந்தது. சுவர் விழுந்தால் கதைக்கு லாபம். படிக்கிறவர் ஒரு பெருமூச்சு விடுவார், எழுதியவனுக்குப் பெருமை. நஷ்டம் அந்தப் பெண்ணுக்கு மட்டும். என் சௌகரியத்துக்காக அவள் சுவரை நான் தள்ளுவதா?

(இ) புருஷன் கப்பலிலிருந்து இறங்கி வந்து

வரவில்லை. அவன் பாட்டுக்குச் சமைத்துக்கொண்டிருக்கட்டும்.

யோசித்துப் பார்த்தால், நான் செய்ததும் அவர்கள் செய்ததும் ஒன்றுதான். சுவரைப் பார்க்காமல் சுவரைப் பற்றித் தீர்ப்பு. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கிளம்பினேன். இலை மூடிய டயர் பட்டறை எங்கே என்று கேட்டால் சொல்லமாட்டார்களா?

6

சொன்னார்கள். போனபோது வாசலில் ஒல்லியாக ஒருவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யாரு? இடம் பாக்க வந்தீங்களா?"

"இல்லை. கதை எழுத வந்தேன்."

"எந்தப் பத்திரிகை?"

"எதுவும் இல்லை."

"அப்புறம் எதுக்கு எழுதறீங்க?"

நியாயமான கேள்விதான். பதில் யோசிப்பதற்குள் உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது.

"தம்பி, யாருடா அது? ... ஐயா, நீங்களா! தெரியலைன்னு சொன்னவருதானே?"

அவளை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். என் மனதில் இருந்தவள் ஒடிசலாக, பயந்தவளாக இருந்தாள். எதிரே வந்தவள் கதவை அடைத்துக்கொண்டு வந்தாள். விரல்களில் பழையதும் புதியதுமாக வெட்டுத் தழும்பு. கொழுந்தனைக் குண்டாக, மோதிரம் போட்டவனாக நினைத்திருந்தேன். (குண்டு என்று எங்கேயும் எழுதவில்லை, தப்பித்தேன்.) இவனோ சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டியிருந்தது.

எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னார்கள். டயரில் உட்கார்ந்து படித்தேன். பேண்ட் வரும் இடத்தில் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"நிறுத்துங்க ஐயா. 'ஆள் பார்த்து வைத்திருந்தான்'னு எழுதியிருக்கீங்க. என்னவோ நான் வித்துட்டு ஓடறதுக்கு நின்ன மாதிரி."

"பார்த்து வைக்கலையா?"

"வெச்சேன். ஏன் வெச்சேன்னு எழுதினீங்களா? நான் பாக்கறது லிஃப்ட் வேலை. ஒரு கயிறு கொஞ்சம் பிசிறினாலே பெட்டியை நிறுத்திட்டு ஆளை இறக்கிவிடணும். அதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. இங்க என்னடான்னா எவ்வளவு தாங்கும்னே தெரியாத சுவரு, அதுல கண்ணாடியைச் சாச்சு வெச்சுட்டு அதுக்குக் கீழ அண்ணி குனிஞ்சு வெட்டிட்டு இருப்பாங்க. விழுந்துச்சுன்னா எங்கண்ணன் வந்து கேப்பானே, அவனுக்கு நான் என்ன சொல்றது? கொடி நல்ல கொடின்னு போன் சொல்லுச்சுன்னா?"

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லையே தம்பி."

"நீங்க எங்க கேட்டீங்க? இலையத்தானே ஆட்டிக்கிட்டு இருந்தீங்க."

"நீயும்தான் ஆட்டினே."

"ஆமா, ஆட்டினேன்."*

* மூன்றாம் பகுதிக்குப் போய் அந்த வரியைத் திருத்தலாம் என்று நினைத்தேன். திருத்தவில்லை. அங்கே படிக்கும்போது நீங்களும் அவனைப் பேராசைக்காரன் என்றுதான் நினைத்திருப்பீர்கள். நினைத்தது நினைத்ததாகவே இருக்கட்டும்.

பிறகு நர்ஸ் கூப்பிட்டதற்கு அப்புறம் நடந்ததை இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

7

ஒரு நாள் எதிர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் வகுப்பு ஜன்னலுக்குக் கண்ணாடி சொல்ல வீட்டுக்கு வந்தாள். சின்னப் பெண், செடிகொடிப் பாடம் எடுப்பவள். மேசையில் இரண்டு இலைகளும் எதிரெதிராகக் கிடப்பதைப் பார்த்தாள்.

கண்ணாடியம்மா கேட்டே கேட்டுவிட்டாள். "டீச்சர், இதுல எது நல்லது, எது கெட்டது?"

டீச்சர் பெயர் சொல்லவில்லை.

"வெறும் இலையப் பாத்து நான் சொல்லமாட்டேங்க. இலை ஏமாத்தும். கொடின்னா அது எப்படிப் பிடிக்குதுன்னு பாக்கணும். சிலது கம்பத்தைச் சுத்திக்கும். சிலது சுருள் சுருளா நூல் விட்டு மாட்டிக்கும். சிலதுக்கு நகம் மாதிரி கொக்கி இருக்கும். சிலது குட்டிக் குட்டி வேரால ஒட்டிக்கும். அடியிலேருந்து நுனி வரைக்கும் ஒரே தண்டை விடாமப் பிடிச்சுட்டுப் போய்ப் பாத்தீங்களா?"

இருவரும் பார்க்கவில்லை. பறித்ததோடு சரி.

மறுநாள் காலையே பட்டறைக்குப் போனார்கள். கொழுந்தன் ஏணியில் ஏறி, கூரை ஓரத்தில் தன் பெரிய இலையைப் பிடித்தான். அங்கிருந்து தண்டைத் தடவிக்கொண்டே கீழே வர வேண்டும். கொஞ்ச தூரத்தில் தண்டு உடைந்த ஜன்னல் சட்டம் வழியாகப் பட்டறைக்குள் போய்விட்டது.

"அண்ணி, உள்ள போங்க. உள்ள வந்துடுச்சு."

அவள் உள்ளே இருட்டில் டயர்களை மிதித்து ஏறிக் கையை நீட்டினாள். நார் நாராக எத்தனையோ தண்டுகள்.

"எதுடா?"

"நான் ஆட்டறேன். ஆடறதைப் பிடிங்க."

ஆடியதைப் பிடித்தாள். அதை விடாமல் கையை மாற்றி மாற்றிப் போனாள். தண்டு சுவரோடு போய், ஒரு குழாயைத் தாண்டி, அடுத்த ஜன்னல் வழியாக மறுபடி வெளியே போனது.

"வெளிய வருது, பிடிச்சுக்கோ!"

"பிடிச்சாச்சு. விடுங்க."

"விடமாட்டேன். நீ ஆட்டு முதல்ல."

"ஆட்டறேன், ஆடுதா?"

"ஆடுது."

இப்படியே உள்ளும் வெளியுமாக. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து இவ்வளவு நேரம் இவனோடு சண்டையில்லாமல் பேசியதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. ஒவ்வொரு ஜன்னலிலும் அவளுக்கு ஒரே வேண்டுதல்தான். இந்தத் தண்டு செங்கல்லுக்குள் போய் மறைந்துவிடக் கூடாது. மறைந்தால் அவன் இலை ஜெயித்தது, சுவர் போச்சு, கடை போச்சு. கை முன்னால் போகப் போக நெஞ்சு பின்னால் இழுத்தது.

மறையவில்லை. கடைசி ஜன்னலுக்குக் கீழே அவள் விரல்களுக்கு வழவழப்பு மாறியது. சொரசொரவென்று பிரஷ் தட்டியது. அவள் இலையின் தண்டு அது. கையிலிருப்பதை விட்டுவிட்டோமோ என்று பயந்து இன்னொரு தடவை ஆட்டச் சொன்னாள். ஆடியது.

"தம்பி, நீ உன் இலையைத்தானே ஆட்டறே?"

"என் இலைதான்."

"என் கையில என் இலை ஆடுது."

வெளியே இலைகள் சரசரத்தன. பிறகு உடைந்த சட்டத்துக்குள் ஒரு கை வந்து, தண்டோடு சேர்த்து அவள் கையையும் பிடித்தது.

"ஒரே கொடிதானா அண்ணி?"

"ஒரே கொடிதாண்டா."

அடிமரம் கைத்தண்டை கனத்துக்கு வாசல் மூலையில் இருந்தது. ஒன்றே ஒன்று.

டீச்சர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். சுவரைப் பிடித்து ஏறுகிறவரை அதற்குச் சின்ன இலை, ஒட்டுவேர். உச்சிக்குப் போய் வெயிலைப் பார்த்துவிட்டால் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை; இலை மாறிவிடும், பூக்கும், காய்க்கும். காயைப் பறவை தின்று ஊர் முழுக்கப் போடும். யாரோ எப்போதோ அழகுக்காக வெளியூரிலிருந்து கொண்டுவந்து வைத்த கொடி. இப்போது பூட்டின வீடு எங்கே இருக்கிறது என்று தேடிப் போகிறது. அப்போதுதான் அதன் பெயரைச் சொன்னாள். நீளமான பெயர். என்னிடமும் சொன்னார்கள். எழுதினால் தப்பாக எழுதுவேன், இதற்கு ஏற்கெனவே தப்புப் பெயர்கள் போதும்.

"பேரு கிடக்கட்டும் டீச்சர். சுவர் நல்லாருக்கா, இல்லையா?"

"அது கொடிக்குத் தெரியாதுங்க. விரிசல் இல்லாத சுவரை இது பிளக்காது. ஏற்கெனவே விரிசல் இருந்தா உள்ள போய்ப் பெரிசாக்கிடும். பூட்டும்போது விரிசல் இருந்துச்சா?"

அண்ணியும் கொழுந்தனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பூட்டிய அன்று இருவரும் சாவியைத்தான் பார்த்தார்கள். சுவரை யார் பார்த்தது?

"இழுத்துப் பாக்காம எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"பச்சையா இருக்கும்போது இழுத்தா நல்ல சுவர்லகூடப் பூச்சு வரும். அடியில வெட்டுங்க. வெட்டின இடத்துல ஒரு சாண் துண்டை எடுத்துடுங்க, இல்லாட்டி திரும்ப ஒட்டிக்க வழி தேடும். அடிக்கட்டையையும் தோண்டிடுங்க. மேல இருக்கறது தானாக் காயும். காஞ்சா பிடி தளரும், கையால எடுக்கலாம். ஆனா நாளாகும்."

நாளாகும் என்றதும் கண்ணாடியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இடத்தை விலைக்குக் கேட்டவர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். கொழுந்தன் வெளியே போனான். போன் பேசுகிற சத்தம் கேட்டது. பேசிவிட்டு ரம்பத்தோடு வந்தான்.

"என்னடா சொன்னே அவங்ககிட்ட?"

"காயட்டும்னு சொன்னேன்."

"எது காயட்டும்னு கேக்கலையா?"

"கேட்டாங்க. சொன்னாப் புரியாதுன்னு வெச்சுட்டேன். தள்ளிக்கங்க அண்ணி, தூள் கண்ணுல படப்போகுது."

8

நான் போன அன்று வாசல் பக்கத்து இலைகள் பழுப்பாகிச் சுருண்டிருந்தன. உச்சியில் மட்டும் இன்னும் பச்சை. அடியில் வெட்டிவிட்டார்கள் என்ற சேதி அங்கே போய்ச் சேரவில்லை.

அவன் ஏணியில் ஏறி, முதல் ஜன்னலுக்குப் பக்கத்தில் காய்ந்த கொடியைத் துடைப்பத்தால் தள்ளினான். உதிர்ந்தது. பூச்சு வரவில்லை. சுவரில் சீப்பால் கீறிய மாதிரி வேர்த் தடம் மட்டும். முட்டியை மடக்கித் தட்டினான். கெட்டியாகச் சத்தம் வந்தது. அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

ஒரு கை தள்ளி மறுபடி தட்டினான். இந்தத் தடவை வேறு சத்தம். உள்ளே காலியாக இருக்கிற டப்பாவின் சத்தம்.

அதே இடத்தில் இன்னொரு தடவை தட்டினான். அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"பூச்சு மட்டும் கழண்டிருக்கும் அண்ணி. அதுக்காகக் கட்டடத்தை இடிப்பாங்களா? சுரண்டிட்டுப் புதுசாப் பூசினாப் போச்சு."

"அப்படிச் சொல்லாத தம்பி. உள்ள செங்கல் எப்படி இருக்கோ. முழுசாக் காயட்டும், மூலை மூலையாத் தட்டிப் பாத்துட்டுத்தான் சொல்லணும். கெட்டிருந்தா இடிச்சுடுவோம்."

"இடிக்கறதுலயே இருங்க. நல்ல சுவரு இது."

"உனக்கு எப்படித் தெரியும்? லிஃப்ட்ல ஆள் ஏத்தறதுக்கு முன்னாடி இப்படித்தான் கண்ணை மூடிட்டுச் சொல்லுவியா?"

நான் நின்று பார்த்தேன். கொஞ்ச நாள் முன்பு அவன் பேசியதை அவள் பேசுகிறாள், அவள் பேசியதை அவன் பேசுகிறான். இரண்டு பேரில் யாருக்கும் அது உறைக்கவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இறங்கி வந்தவன் ஜன்னல் சட்டத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"இதுக்கு எத்தனை எம்.எம். கண்ணாடி போடுவீங்க அண்ணி?"

"எதுக்குக் கேக்கறே? இன்னும் முடிவே ஆகலை."

"சும்மாதான் கேட்டேன். கேக்கக் கூடாதா?"

"அஞ்சு போடலாம்," என்றாள் அவள். சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முடிவை நான் எழுதப்போவதில்லை. தெரியாததை எழுதிப் பெயர் வாங்குகிற ஆசை இந்த வயதில் எனக்கு இல்லை. மேற்குச் சுவரின் உச்சி இன்னும் பச்சையாக இருக்கிறது. நீங்கள் இதைப் படிப்பதற்குள் காய்ந்திருக்கும். என்னை நம்பாதீர்கள், நீங்களே போய்ப் பாருங்கள். ஏணி வாசலில் சாய்ந்திருக்கிறது, துடைப்பம் முதல் ஜன்னல் சட்டத்தில் செருகியிருக்கிறது. கொடி தானாக வந்தால் எடுங்கள், வராவிட்டால் விட்டுவிட்டு இன்னொரு நாள் வாருங்கள். எதற்கும் கை வைக்கும் முன்னால் ஒரு குரல் கொடுத்துவிடுங்கள். உள்ளே அவள் ஜன்னலுக்கு அளவெடுத்துக்கொண்டிருப்பாள்.